வேர்வை அடங்கும்வரை

நேற்றே பார்சலில் வந்து
ஆபீஸ் மேசைக்கடியில் உறைபனி இரவைக் கழித்திருந்தது.
டிரையர் அறைக்குத் தூக்கி வந்து
தெர்மாகோலை உரித்ததும்
முகம் முழுக்க வேர்த்துவிட்டது அதற்கு.

மஞ்சூரில் ஜனவரி.
வெளியே புல் மீதெல்லாம் உப்பு.
உள்ளே வாடிய இலையின் வாசம், விறகுச் சூடு.

'மாட்டிடலாமா சார்?' என்றார் லெச்சுமணன்.
மாட்டலாம். கரண்ட் மட்டும் கொடுக்கக் கூடாது.
'எவ்வளவு நேரம்?'
வேர்வை அடங்கும்வரை.
கண்ணாடியில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது.
உள்ளே பச்சைப் பலகையில்
தாமிரக் கோடுகளுக்கு நடுவே நிற்பது
தெரியாது.

ப்ரேக்கரை இறக்கி, பூட்டி,
சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அப்புறமும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன்.
இறக்கிய ப்ரேக்கரை நம்பலாம்.
எதை இறக்கினோம் என்ற ஞாபகத்தை நம்பக் கூடாது.

பேனலில் சதுரம் வெட்டி அரம் போட்டபோது
இரும்புத் தூள் உள்ளே உதிராதபடி
ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் அவர்.
பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பி முதலில்.
கட்டும்போது முதலில், அவிழ்க்கும்போது கடைசியில்.
தெர்மோகப்பிள் கம்பியை மோட்டார் கேபிளிலிருந்து
ஒரு முழம் தள்ளி இழுத்தேன்.
இல்லாவிட்டால் மோட்டாரின் முணுமுணுப்பையும்
சூடு என்று எழுதி வைக்கும்.
முனை மாறினால் இன்னும் மோசம்:
அடுப்பு ஏற ஏற எண் இறங்கும்,
இவர் மேலும் விறகு தள்ளுவார்.

மேனேஜர் போஜராஜ் மூன்று முறை வந்தார்.
வாட்டும் தொட்டிகளில் நாலாயிரம் கிலோ இலை.
முதல் முறை கடிகாரத்தைப் பார்த்தார்.
இரண்டாம் முறை என்னை.
மூன்றாம் முறை டீயோடு வந்தார்.

கழற்றிப் போட்ட பழைய வட்டக் காகிதப் பெட்டிக்காக
நான் வருந்தவில்லை.
மாதத்தில் பத்து நாள் அதன் பேனா வறண்டு கிடக்கும்.
அந்தப் பத்து நாளும்
ஆபீஸில் யாரோ கையால் வளையம் வரைந்திருக்கிறார்கள்.
அழகான வளையங்கள். டிரையர் பக்கமே வராதவை.

பதினொன்று இருபதுக்குக் கண்ணாடி தெளிந்தது.
இன்னும் அரை மணி நேரம் விட்டேன்.
டெர்மினல் மூடியைப் போட்டு முடுக்கிய பிறகே
ப்ரேக்கரை ஏற்றினேன்.
திரையில் முதல் எண்: முப்பத்தொன்று.
லெச்சுமணன் டிரையரின் வாயருகே கை நீட்டி
'சரிதான்' என்றார், அதற்குச் சான்று தருவதுபோல.

நேரம் செட் பண்ணினேன், தேதியோடு.
நேரம் தப்பினால் உண்மையும் தப்பான நாளில் போய் நிற்கும்.

'இது என்னைப் போட்டுக் கொடுக்குமா சார்?'
கொடுக்கும். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
'நான் ஒரு வரி எழுத இடம் இருக்கா இதுல?'
இருந்தது. பதினாறு எழுத்து, தமிழ் கிடையாது.
ஈரக் கையால் தொடாதீர்கள் என்று சொல்லி
எப்படி என்று காட்டினேன்.

அடுத்த வாரம் கார்டை எடுத்துப் பார்த்தபோது
புதன்கிழமை ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
தொண்ணூற்றாறிலிருந்து எழுபத்தொன்றுக்குச் சரிந்த கோடு.
பன்னிரண்டு நிமிடப் பள்ளம்.
பள்ளத்தின் அடியில் ஆங்கில எழுத்தில்
காட்டெருமை வாசல்.

விறகு அடுக்கு வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது.

'இதை அழிக்க முடியுமா?' என்றார் போஜராஜ்.
உங்களாலும் முடியாது சார், என்னாலும் முடியாது.
சரி என்று சொல்லிவிட்டு
எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு
விறகுக் கொட்டகைக்கு ஒரு விளக்குச் சொன்னார்.

பஸ் ஏற்றிவிட வந்த லெச்சுமணன்
நான் படியில் கால் வைத்த பிறகு சொன்னார்:
'எழுத்து தீர்ந்துபோச்சு சார்.
கூட ஒரு கன்னுக்குட்டியும் இருந்துச்சு.'