ஒலி அணைத்த நாற்பது விநாடி

லீபாயாவில் பிப்ரவரி. டிராம் கம்பிகளில் உப்பு.
ஆன்சிஸ் தன் பாட்டுகளை
வலை உலர்த்தும் கொட்டகையில் பதிவு செய்திருந்தான்,
இரைகிறதென்று ஹீட்டரை அணைத்துவிட்டு.
ஒன்பது பாட்டு. ஒரு கிட்டார், குண்டேகாவின் டபுள் பேஸ்,
மூன்றாவது பாட்டில் யாரோ தும்மலை அடக்கும் சத்தம்.
வேறெதுவும் இல்லை.
இதற்கு ஒரு முகம் வேண்டும் என்று
என்னிடம் வந்தான்.

சோப்புக்கு முகம் வரைந்திருக்கிறேன்.
சோப்பு எளிது,
நுரை தானாகவே போஸ் கொடுக்கும்.

முதல் உறையில்
கடலைப் பார்த்து நிற்கும் ஆள், தோளில் கிட்டார்.
அந்த ஆளை இந்த மாதம் மட்டும் நாலு உறைகளில் பார்த்துவிட்டேன்,
கடல் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.
அடுத்தது காய்ந்த இலை. கிழித்தேன்.
மூன்றாவதில் எழுத்தே வைக்கவில்லை.
"எப்படித் தேடுவார்கள்," கம்பெனிக்கார எட்மண்ட்ஸ் கேட்டார்,
"மோப்பம் பிடித்தா?"

அவர் கெட்டவரில்லை.
பாதிப்பேருக்கு மேல் ஒலியை அணைத்துத்தான் வீடியோ பார்க்கிறார்கள் என்றார்.
மூன்று விநாடி. அதற்குள்
கட்டைவிரல் நிற்கவேண்டும்.

ஆக,
கம்பி அதிர்வதைத் தவிர வேறொன்றுமில்லாத ஆல்பத்தை
சத்தமே இல்லாத ஒரு சதுரத்துக்குள் வைத்து
விற்கவேண்டும் நான்.

அன்றிரவு ஐந்தாவது பாட்டை ஹெட்போனில் கேட்டேன்.
விரல் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவும்போது
கம்பியில் ஒரு கீச்.
பதிவாளர் துடைக்கப் பார்த்து
ஆன்சிஸ் சண்டைபோட்டுக் காப்பாற்றிய கீச்.

மறுநாள் கொட்டகையில்
கேமராவை அவன் முகத்துக்குத் திருப்பவில்லை.
(முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான், பாவம்.)
கிட்டார்த் துளைக்குக் கீழே
பதினோரு வருஷ நகம் வார்னிஷைத் தின்று
மரத்தை வெளியே கொண்டுவந்திருந்தது,
உள்ளங்கை அகலத்துக்கு.
அதுதான் உறை.
எட்மண்ட்ஸுக்கு அது தீவு, ஆன்சிஸின் தங்கைக்கு மேகம்,
குண்டேகா ஆட்டின் வயிறு என்றாள்.
பெயரை ஓரத்தில் பென்சில் கோடுபோல் எழுதினேன்.
"பெரிசாக்கு."
பாதி பெரிசாக்கினேன்.

வீடியோவுக்கு ஒரு தகரக் குவளை, நிறையத் தண்ணீர்,
பேஸின் காலடியில்.
அவள் தாழ்ந்த கம்பியை இழுக்க
தண்ணீரில் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
மூன்று விநாடி அவ்வளவுதான்.
பிறகு அவர்களுடைய மூச்சு,
வரி முடியும் இடங்களில் மட்டும் வெள்ளையாக வெளியேறுகிறது.
ஹீட்டரை அணைத்ததற்கு நன்றி சொன்னேன்.
பாட்டின் வரிகளை அடியில் ஓடவிடவில்லை,
வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முப்பதாவது விநாடியில் பேஸ் ஓய்கிறது.
ஆன்சிஸின் கை மட்டும் ஓடுகிறது.
தண்ணீர் சும்மா நிற்கிறது.
கை அவ்வளவு அசையும்போது தண்ணீர் ஏன் நிற்கிறது?
கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபடி
அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினேன்.
காதைக் கேட்டால்தான் தெரியும்.

வெளியானது. எண்கள் மூன்று நாள் ஏறின,
நாலாம் நாள் படுத்துக்கொண்டன.
ரீகாவிலிருந்து ஒரு கடைக்காரர் எழுதிக் கேட்டார்
குவளை எங்கே கிடைக்குமென்று.

வியாழக்கிழமை டிராமில்
எதிர் இருக்கையில் மீன் தொழிற்சாலை ஜாக்கெட் போட்ட ஒருத்தி.
அவள் கண்ணாடியில் என் குவளை, தலைகீழாக, சின்னதாக.
முடியும்வரை பார்த்தாள். பின்னுக்கு இழுத்தாள்.
முப்பதாவது விநாடி.
மறுபடி இழுத்தாள்.
பையில் எதையோ துழாவினாள், கிடைக்கவில்லை,
சத்தத்தைத் துளி ஏற்றி
யாரோ அழைத்ததுபோல் போனைக் காதில் வைத்தாள்.

என் நிறுத்தம் போய்விட்டது, ஒரு கையுறையும் போய்விட்டது.
அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, எனக்குத் தெரியும்.
கீச் கேட்கும.