நாற்பத்திரண்டு

ஸ்கேன் எடுத்த பையன் சொன்னான்:
உள்ளே எல்லாம் சுத்தமா இருக்குக்கா.

அந்தச் சுத்தமான வீட்டில்தான்
ஒன்பது வருஷமாய் யாரோ
பாத்திரம் உருட்டுகிறார்கள்.

தொப்புளுக்கு இடப்பக்கம், இரண்டு விரற்கடை கீழே.
சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் ஊதும்.
பாவாடை நாடாவை இரண்டு தரம் தளர்த்திக்கொண்டு
பூண்டுக் களத்தில் குந்தியிருப்பேன்.
எத்தனை மாசம் என்று கேட்டாள்
கவுஞ்சிக்காரி ஒருத்தி.
கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷம் ஆகிறது எனக்கு.
வலிக்கு அதுதான் காரணம் என்றார்கள், எடுத்தார்கள்.
அது போனது.
வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பூம்பாறைப் பூண்டு
வாயுவுக்கு நல்லதென்று
எந்த ஊரிலிருந்தோ காரில் வந்து வாங்கிப் போகிறார்கள்.
காரல் தூக்கலான பல்லாய்ப் பார்த்து
நானேதான் பொறுக்கிப் போடுகிறேன்.
எனக்கு ரசத்தில் ஒரு பல் விழுந்தால் போதும்,
விடிய விடியக் குடல் பேசும்.

மூக்கையனும் பேசாமல் இருக்கவில்லை.
எலுமிச்சம்பழம் நாலு திசைக்கும் வீசினார்,
போடிக்குப் போய் ஒருவரைக் கூட்டி வந்தார்.
கடைசியில் அவரும் சொல்லிவிட்டார்:
உனக்கு மனசுலதான்.
சரி, மனசு
தொப்புளுக்கு இடப்பக்கமா இருக்கிறது?

ஜெசிந்தா டாக்டர் மதுரைக்கு அனுப்பினார்.
இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து
இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம்
குழாயில் ஊதச் சொன்னார்கள்.
மூன்று மணி நேரம்.
அடுப்பு ஊதிய மூச்சு இது,
இதில் என்ன தெரியும் என்று நினைத்தேன்.
கொஞ்சம் தெரிந்ததாம். தீர்மானமாய் இல்லையாம்.

உறுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு,
அதோட நடத்தைதான் சரியில்லை, என்றார் டாக்டர்.
என் கொழுந்தன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
வலி பொய் இல்லம்மா, என்றார்.
கைக்குட்டை எடுத்துப் போகாத நாள் அது.

பதினாலு நாள், வேளைக்கு ஒன்று, மூன்று வேளை.
ஒரு மூட்டைப் பூண்டு வடுகபட்டிக்கு இறங்கி
நாற்பத்திரண்டு மாத்திரையாய் மலையேறி வந்தது.

ரத்தத்தில் பெருசாய் ஏறாதாம்.
குடலோடு இறங்கி, அங்கேயே வேலை பார்த்து,
குடலோடே போய்விடுமாம்.
களையெடுக்கக் கீழேயிருந்து வருகிறவர்கள்
காட்டுக் குடிசையிலேயே பொங்கித் தின்று
வீட்டு வாசல் மிதிக்காமல் பஸ் ஏறுவார்களே,
அதுபோல.

களை எது பயிர் எது, அதுக்குத் தெரியுமா?
முழுசாத் தெரியாது, என்றார்.
எங்களுக்கும்தான்.
அந்த ஒரு பதிலுக்காகவே
ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாள் குமட்டல்.
ஆறாம் நாள் உள்ளே ஒரே இரைச்சல், சந்தை கலைகிற மாதிரி.
ஒன்பதாம் நாள் வத்தலகுண்டு பஸ்ஸில்
டம்டம் பாறை தாண்டியபோதுதான் உறைத்தது:
நிறுத்தச் சொல்லி
கண்டக்டர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.
வளைவுக்கு வளைவு சன்னல் வழியே
பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.
இத்தனை வருஷமாய் அந்தப் பக்கம்
ஒரு அருவி விழுந்துகொண்டிருக்கிறது.

பதினொன்றாம் நாள் இரவு
தூக்கத்தில் வலியைத் தேடி விழித்தேன்.
தொட்டுப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன்.
கன்று தொலைத்தவள் மாதிரி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இதை மூக்கையனிடம் சொல்லவில்லை.

மாத்திரையா, அந்த ஒரு சொல்லா என்று
இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.
சொல்லுக்கு டாக்டர் காசு வாங்கவில்லை,
அதனால் கணக்கில் வரவில்லை.

ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.
முன்னே வீட்டுக்குள் நின்று கத்தியது,
இப்போது அடுத்த தெருவிலிருந்து கூப்பிடுகிறது.
தேவைப்பட்டா இன்னொரு தரம் தரலாம்,
எல்லாருக்கும் கேக்காது, கேட்டாலும்
காலத்துக்கும் கேக்காது,
என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

இன்று ரசத்தில் ஒரு பல் போட்டேன்.
நசுக்கி, வேண்டுமென்றே.
சாப்பிட்டு நாற்பது நிமிஷம்.
மஞ்சு இறங்கி எதிர்ச்சரிவின் படிக்காடுகளைத்
தட்டுத் தட்டாய் மூடுகிறது.
கை அதுவாக நாடாவுக்குப் போய்விட்டது.

இரு,
இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.