போதலும் போய்வருதலும்

இந்த மொழியில் போவதற்கு இரண்டு வினைச்சொற்கள்.
ஒன்றில் போனவர் போனவர்தான்.
மற்றதில் போய்த் திரும்பி
கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டிருப்பார்.

இர்குத்ஸ்க், நவம்பர், முதலாண்டு.
கிளெப் இகோரெவிச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
"ஓயுன்கெரெல், ரொட்டிக் கடைக்குப் போனீர்கள்.
இன்னும் வந்து சேரவில்லை."
வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன், ஒரு நொடி பிந்தி.
அந்த ஒரு நொடிக்குப் பெயர்தான் அயல்மொழி.

கெண்டி, கதவு, ஜன்னல், உப்பு
எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.
அறைத்தோழி சயானா புர்யாத் பெண்.
அவள் வீட்டில் தண்ணீர் உஹன், என் வீட்டில் உஸ்.
நடுவில் ஒரு மூச்சுதான் தூரம்.
ஆனால் அவளுக்குத் தெரிந்தது
தண்ணீர், பால், சாப்பிட வா,
பிறகு ஒரு வசவு.
மீதிக்கெல்லாம் ரஷ்யமொழிதான் எங்களுக்கு,
எனக்குப் புதுச்செருப்பு,
அவளுக்குக் காலின் தோல்.

வட்டார வரலாற்றுப் பாடத்துக்காக
ஆவணக் காப்பகம் போனோம்.
ட்ராலிபஸ் ஜன்னலில் உறைபனி,
யாரோ ஒரு காசை அழுத்தி எடுத்த வட்டத்தில்
அங்காரா ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

கூதா ஆற்றுப் பக்கத்து மனு ஒன்று.
பட்டியலில் "வாசிக்க இயலாதது" என்று குறித்திருந்தார்கள்.
எழுத்துகள் மேலிருந்து கீழே
உலரக் கட்டிய ஓமுல் மீன்கள்போல்.
எட்டாம் வகுப்பில் நான் அலுத்துக்கொண்டு படித்த எழுத்து.
தேர்வுக்குப் பிறகு உதவுமென்று யார் நினைத்தது?

வாசித்தேன். சயானா பென்சிலோடு குனிந்தாள்.
குதிரை வரியைக் குறைக்கச் சொல்லி ஒருவன் கேட்கிறான்.
உப்பு இத்தனை பூது, கடன் இத்தனை.
கடைசியில்:
சிவலைக் குதிரையோடு
என் மகன் தஷி நகரத்துக்குப் போனான்,
பன்றி வருடம்.

"எந்தப் போனான்?" என்றாள்.

எங்கள் வினைச்சொல் அதைச் சொல்வதில்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு முத்திரை, ஒரு எண், தேநீர்க் கறை.
சயானா வெகுநேரம் பென்சிலைக் கடித்தாள்.
பிறகு இரண்டு வினைகளையும் எழுதி
நடுவில் ஒரு சாய்கோடு போட்டாள்.

திங்கட்கிழமை அந்தச் சாய்கோட்டைச் சுற்றி
சிவப்பு வட்டம்.
"ஏதாவது ஒன்று."

விடுதியில் அதை மேசைமேல் வைத்துவிட்டு
இருவரும் பேசாமல் இருந்தோம்.
கெண்டி கொதித்து அடங்கியது.
ரொட்டி தீர்ந்துவிட்டது, போகிறேன் என்று
பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள் சயானா.

எந்த வினை என்று கேட்டேன்.