ஏறத்தாழ

அதிகாலை மூன்று பத்துக்கு
அணையிலிருந்து அழைப்பு.
"உன் கணக்குப்படி
ஆறு இப்போது மலையேறிக்கொண்டிருக்கிறது,"
என்றார் அர்னோர்.
பின்னால் மதகுகள் மூடும் இரைச்சல்.
நிரலின் பேச்சைக் கேட்டு அவை மூடுகின்றன.
ஓட்டம்: வினாடிக்கு
மைனஸ் நாற்பது கனமீட்டர்.
"கையால் திறக்கப் போகிறேன்.
நீ விடிந்ததும் பார்."

ரெய்க்யாவிக்கில் மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
விடியும்வரை காத்திருக்கவில்லை ஸ்வன்லோய்க்.
திரையில் ஒன்பது புள்ளிகள்.
நீர் இவ்வளவு உயர்ந்தால் ஓட்டம் இவ்வளவு என்று
ஒன்பது நாட்களில் யாரோ ஆற்றில் இறங்கி அளந்தவை.
எட்டாம் படிப் பல்லுறுப்புக் கோவை
ஒன்பதையும் தொட்டுக்கொண்டு போனது,
ஊரில் ஒரு கல்யாணமும் விடாமல்
தலைகாட்டிவிட்டு வருகிறவனைப் போல.
போன மாதம் அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள்.
பிழை: பூஜ்யம்.

இன்றுதான் புள்ளிகளுக்கு நடுவே பார்த்தாள்.
யாரும் அளக்காத இடங்களில்
அது ஆடிக்கொண்டிருந்தது.
மூன்று புள்ளி ஒன்று மீட்டரோடு
அளவைகள் முடிந்துவிட்டன.
கோடு முடியவில்லை.
விளிம்பு தாண்டித் தலைகுப்புற விழுந்து
ஒரு வெள்ளத்தையே
வந்த வழிக்குத் திருப்பி அனுப்பியிருந்தது.

படியைக் குறைத்தாள். ஏழு. ஐந்து.
மூன்றில் நின்றாள்.
இப்போது எந்தப் புள்ளியையும் கோடு தொடவில்லை.
மிகப் பெரிய பிழையை
எவ்வளவு சிறிதாக்க முடியும் என்று
நிரலை ஓடவிட்டுக் காப்பி போட்டாள்.
திரும்பி வந்தபோது பிழைகள்
மேலே, கீழே, மேலே, கீழே, மேலே என
ஐந்து இடங்களில் ஒரே உயரத்தில் நின்றன,
பாரத்தைத் தோள் மாற்றிப் பிடித்த ஐந்து பேராய்.
இதற்குமேல் குறையாது.

தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு.
அவளுக்கு அது தெரிய வழியில்லை.
ஏறவும் தாழவும் செய்துதான்
அந்தச் சொல் தன் பொருளின் பக்கத்தில் போய் நிற்கிறது.

மதியம் அர்னோர் புதிய கோட்டைப் பார்த்தார்.
"ஏழாவது புள்ளி என்னுடையது.
ஜனவரி. இடுப்பில் கயிறு.
மீட்டரின் சுழற்சியைக் காதில் எண்ணினேன்,
விரல் மரத்த பிறகும் எண்ணினேன்.
அது தப்பென்கிறாயா?"

"தப்பில்லை. கோடு அதன் பக்கத்தில் போகிறது."

"எவ்வளவு பக்கத்தில்?"

"இரண்டு கனமீட்டர்."

கொஞ்ச நேரம் தொலைபேசியில் காற்று மட்டும்.
"ஆறும் அன்றைக்கு
நின்ற இடத்தில் நிற்கவில்லைதான்," என்றார்.

மாலையில் அவள் ஒரு வரி சேர்த்தாள்:
நீர்மட்டம் மூன்று புள்ளி ஒன்றைத் தாண்டினால்
எண் எதுவும் தராதே;
மதகைத் தொடாதே.
மேலாளருக்கு அந்த வரி பிடிக்கவில்லை.
வாடிக்கையாளர் எண்ணுக்குத்தானே காசு கொடுக்கிறார்?
அவள் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்து
அவர் மேசையில் வைத்தாள்.

அக்டோபரில் பனியாறு உருகி
இரவோடு இரவாக நீர் ஏறியது.
மூன்று புள்ளி நான்கு.
அணையின் திரையில் மஞ்சள் எழுத்துகள்:
தெரியாது. போய்ப் பார்க்கவும்.

அர்னோர் திட்டிக்கொண்டே
ரப்பர் காலணியின் இன்னொரு காலைத் தேடினார்.