அரைப் பவுன்

டோஹாவிலிருந்து வினோஜன் இறக்கிய சூட்கேசில்
உடுப்பு இரண்டு சோடி,
தாய்க்குச் சவர்க்காரம்,
மிச்சமெல்லாம் எஞ்சின்.

கல்லடிக் கடற்காற்று எதன்மேலும் உப்புப் பூசும்.
எண்ணெய்ச் சீலை விரித்துத்தான் வைத்தேன்:
தேங்காய்ப் பருமனில் ஒரு டர்போ,
கூட்டாளி கொடுத்த கேம்,
பளபளவென்று பிஸ்டன் நாலு,
யாரோ கழற்றி விற்ற இன்ஜெக்டர்கள்.
"எல்லாம் நம்பர் வன், அக்கா."

நம்பர் வன்தான்.
நாலு வீட்டு மூத்த பிள்ளைகளை
ஒரே தோணியில் ஏற்றினால்
துடுப்பு ஆரிடம்?

இந்த டர்போ மூச்சுப் பிடிக்கவே
ஐயாயிரம் சுற்று வேண்டும்.
இந்தக் கேம் ஐயாயிரத்தில் கடை பூட்டிவிடும்.
அவ்வளவு காற்றுக்கு
இந்த இன்ஜெக்டர் ஊற்றும் பெற்றோல் காணாது;
பிஸ்டன் தலை பொசுங்கும்.
பெற்றோலும் தொண்ணூற்றைந்துதான்,
அதுவும் செட்டில் இருந்தால்.

அவன் முகம் கறுத்தது.
"எத்தனை குதிரை எண்டு கேப்பாங்களே, அக்கா?"
"வீட்டுக்குத் திரும்பி வந்த குதிரைகளை மட்டும்
எண்ணிச் சொல்லு."

பிஸ்டன்களைப் பழைய துவாயில் சுற்றி
மெயின் வீதி நகைக்கடைக்குப் போனேன்.
தராசை வெளியே தரமாட்டார் நித்தியராசா.
தாலிக்கொடி பார்க்க வந்த குடும்பமொன்று
கதிரையை அரக்கி இடம் விட்டது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுப் பதினாறு.

"அரைப் பவுன் கூட," என்றார்,
தொழில் வாயில் வந்துவிட்டது.
மாப்பிள்ளையின் தாய் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியில ஒண்டு குறைஞ்சது,
வேற பெட்டியில எடுத்தன்," என்றான் பிறகு.
உள்ளங்கையில் அந்த நாலு கிராம் ஒன்றுமில்லை.
ஏழாயிரம் சுற்றில்
எட்டுக் கிலோவாய் நின்று இழுக்கும்,
ஒவ்வொரு சுற்றுக்கும், ஒரே பக்கம்.

ஏறாவூர் நிஸ்தார் உள்பக்கம்
பலம் கெடாத இடமாய்ப் பார்த்துச் சீவினார்.
சீவுவார், ஊதுவார், நான் தட்டில் வைப்பேன்.
மூன்றாம் தரம் முள் சமனாக
அசர் பாங்கு கேட்டது.
லேத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார்.

பெரிய டர்போ விற்றுச் சின்னது வந்தது.
அதற்கேற்ற கேம்.
அதற்கேற்ற இன்ஜெக்டர்.
கடைசியாய்த்தான் கேஸ்கட்.

இவ்வளவும் பொருத்தம் பார்க்கும் நான்
சாதகம் பாராமல் கட்டினவள்.
பதினொரு வருஷம்.
கசிவு உண்டு, சில காலை ஸ்டார்ட் ஆகாது,
ஓடுகிறது.
மனிசர் தேய்ந்து தேய்ந்து இணங்குவர்.
இரும்பு தேய்ந்தால் தூள்;
எண்ணெயோடு போய்ப் பெயாரிங்கைத் தின்னும்.

ஆயிரம் கிலோமீற்றர் பொறுமையாய் ஓட்டி,
எண்ணெய் மாற்றி,
ஒரு விடியலில் ஓட்டமாவடிப் பாலம் தாண்டினோம்.
புணானை நேர்றோட்டில் சொன்னேன்:
"இப்ப மிதி."
மூவாயிரத்தில் முதுகு சீற்றில் ஒட்டியது.
ஆறாயிரம் வரை ஒரே குரல், இடையில் இருமல் இல்லை.

பற்றைக்குள்ளிருந்து தனியன் ஒன்று
நடுறோட்டுக்கு வந்து நின்றது.

பிரேக். நாற்பது யார் மிச்சம்.
பின்னால் ஒரு கொள்கலன் லொறி, திரும்ப வழியில்லை.
சாவியில் கை வைத்தான்.
"நிப்பாட்டாத."

இருபத்தைந்து நிமிஷம்.
அது ஒரு கிளையை முறித்து
மண் தட்டித் தட்டித் தின்றது.
விசிறி வந்தது, நின்றது, வந்தது.
எண்ணூற்றைம்பதில் அசையாத சுற்று.
அவன் யானையையே பார்த்தான்,
நான் வெப்பமுள்ளை.
அது நடுவிலேயே நின்றது.

யானை காட்டுக்குள் போய்,
லொறிக்காரன் ஹோர்ன் அடித்தும்
வினோஜன் கியர் போடவில்லை.
"என்னடா?"
"பொறுங்க அக்கா," என்றான்.
"கேக்கிறன்."