சாவிப் பதிவேடு

எர்ணாவூர் கலையரங்கத்தின் சாவி
என் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது,
ஸ்டேப்ளர் முள் டப்பாவுக்குப் பக்கத்தில்.
நான் இளநிலை உதவியாளர்.
எனக்குக் கலை தெரியாது. கோப்பு தெரியும்.
எண்ணைச் சொன்னால்
எந்த அலமாரி, எந்த அடுக்கு,
எலி கடித்தது எந்த மூலை
என்பதுவரை சொல்வேன்.

ஒரு கோடியே நாற்பது லட்சம்.
கல்வெட்டில் பதினொரு பெயர்.
முந்நூறு நாற்காலி,
பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.
ஒப்பனை அறைக் கண்ணாடியைச் சுற்றி
பல்பு மாட்டத் துளைகள் உண்டு. பல்பு
வேறு தலைப்பின் கீழ் வரவேண்டிய செலவு.

திறப்பு விழாவுக்குப் பின் உள்ளே நடந்தவை
பதிவேட்டின்படி:
வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு.
வேட்டி சேலை மூட்டைகள், நாற்பது நாள்.
கொசு மருந்துப் பீப்பாய்.
செயற்பொறியாளர் பணி ஓய்வுப் பாராட்டு.
அன்று மைக் வேலை செய்தது.

மாதம் ஒருமுறை விண்ணப்பத்தோடு ஜெயசீலி வருவாள்.
பகலில் வலைக் கம்பெனியில் கணக்கு,
ராத்திரி ஏழு பேரோடு நாடகம்,
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்.
கேட் மூடினால் கூட்டம் தானாய்ச் சேரும்.
திறந்தால், கதாநாயகி அழுதுகொண்டிருந்தாலும்
ஆட்டோ கிளம்பிவிடும்.
அதனால் பன்னிரண்டு நிமிடக் காட்சிகளாய் எழுதியிருக்கிறாள்.
ஒரு சரக்கு ரயிலுக்கு ஒரு காட்சி.
எதிர்த்திசையிலும் வண்டி வந்தால்
இரண்டாவதும் உண்டு.

"நாள் வாடகை ஆறாயிரம்மா. ஜிஎஸ்டி தனி."
"எங்க மொத்த நாடகமே ரெண்டாயிரம் சார்."
"பதிவு பெற்ற சங்கமா?
மூணு வருஷத் தணிக்கை அறிக்கை இருக்கா?"
சிரிப்பாள்.
"கேட்கீப்பரு பார்த்துக்கினு தான் சார் கீறாரு,
அவருகிட்ட எழுதி வாங்கியாரட்டா?"
நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்திட
என்னிடமே பேனா வாங்குவாள்.

டிசம்பரில் கால்வாய் வீட்டுக்குள் வந்தது,
கறுப்பாய், எண்ணெயோடு.
இரவு இரண்டு மணிக்குச் சாவியை எடுத்தேன்.
விண்ணப்பம் இல்லை, வைப்புத்தொகை இல்லை,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
நாற்காலி உறைகளைப் பிள்ளைகள் உரித்து
மழைக்கோட்டாய்ப் போட்டுக்கொண்டார்கள்.
மேடையெங்கும் எண்ணெய்க் காலடி.

மறுநாள் சாயங்காலம் பால் வரவில்லை,
படகு வரவில்லை.
அழுத ஒரு குழந்தையைப் பார்த்து
எல்லாக் குழந்தையும் அழுதது.
அக்காள் வீட்டில் மாட்டிக்கொண்டு
அந்தக் கூட்டத்தில் ஜெயசீலியும் இருந்தாள்,
அவள் ஆட்கள் மூன்று பேரும்.
"சார், மேலே ஏறட்டா?"

மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்
என்றுதான் வாய் திறந்தேன்.
டவர் இல்லை.

நான்கு செல்போன் விளக்கு.
ரேஷன் கடையில் செத்தவன் ஒருவன்
தன் பங்குச் சர்க்கரைக்கு வரிசையில் நிற்கும் கதை.
பன்னிரண்டு நிமிடத்தில், பழக்க தோஷம்,
அப்படியே நிறுத்திவிட்டுத்
தண்டவாளம் இருக்கவேண்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்:
"கேட்டு இன்னும் தொறக்கல, நீ ஆடும்மே!"

மார்ச்சில் படிவம் வந்தது.
கலை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
எழுதியிருக்கக் கூடாது.
வாடகை ரசீது எங்கே என்றது தணிக்கை.
அரசுக்கு இழப்பு ரூபாய் ஆறாயிரம்,
பொறுப்பான ஊழியரின் சம்பளத்தில்
பத்துத் தவணையில் பிடிக்கவும்.

சம்பளச் சீட்டைப் பார்த்து அமுதவல்லி கேட்டாள்,
"இதர பிடித்தம் அறுநூறு, இது என்னது?"
"நாடகம் பார்த்தேன்."
"அறுநூறுக்கா! நல்லாவாவது இருந்துச்சா?"

தெரியாது.
மூன்றாவது காட்சி பாதியில்
கரண்ட் வந்துவிட்டது.
எல்லோரும் சார்ஜ் போட
சுவரோரம் ஓடினார்கள்.
அந்தச் செத்தவனுக்குச் சர்க்கரை கிடைத்ததா என்று
அவளைக் கேட்க வேண்டும்,
அடுத்த மாதம்
விண்ணப்பத்தோடு வரும்போது.