பாதசாரி

ஆறு சக்கரம், முழங்கால் உயரம்,
உச்சியில் ஆரஞ்சுக் கொடி.
ஏழாம் எண் பேருந்து நிறுத்தத்தின் அருகே
பனிக்குவியலில் முகம் புதைத்து
அரை மணியாய் முனகிக்கொண்டிருந்தது
யாருடைய இரவுச் சாப்பாட்டையோ சுமந்த ரோபோ.

தார்த்து நகரில் ஜனவரி மாலை ஐந்து மணி
நள்ளிரவுக்கு உடன்பிறந்த தம்பி.
நாங்கள் நால்வர்.
பேருந்து வரும்வரை
வாய்க்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"தூக்கி விட்டால் என்ன?" என்றாள் விர்வே.
பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை,
கையுறை தாண்டியும் வெங்காய வாசம்.
"தொடாதே" என்றார் ஊர்மாஸ்.
"சுற்றிலும் கேமரா. நாளைக்கே
சூப் திருடியவள் என்று உன் முகம் வரும்."
ஊர்மாஸ் செய்தி படிக்கிறவர்.
தலைப்பு மட்டும்.

லேலோ சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு.
"நடைபாதையில் போகும்வரை
அது பாதசாரி மாதிரி" என்றாள்.
"மாதிரியா, பாதசாரியா?"
"அங்கேதான் வழக்கே இருக்கிறது."

பேச்சு அதிலிருந்து நழுவி
மின்கட்டணத்துக்குப் போனது.
மணிக்கொரு விலை என்பதால்
ஊர்மாஸின் மனைவி
இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி துவைக்கிறாராம்.
தாடி மழித்த அன்று
அவருடைய கைபேசியே அவரை உள்ளே விடவில்லையாம்.
"நான்தான் என்று எத்தனை கோணத்தில் காட்டுவது?
அம்மா இருந்திருந்தால் சாட்சிக்கு அழைத்திருப்பேன்."

ரோபோ மறுபடி முனகியது.

சும்மா கிடந்த சங்கை ஊதியவன் நான்.
மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடம்,
வாயை அடக்கத் தெரியாது.
"பாதசாரி என்றால்
இருட்டில் ஒளிவில்லை எங்கே?" என்றேன்.
இந்த நாட்டில் இருட்டில் நடப்பவர் எல்லாரும்
மேலங்கியில் ஒன்றைத் தொங்கவிட வேண்டும்.

விர்வே சிரித்தாள்.
தன் மேலங்கியிலிருந்து அவிழ்த்தாள்,
பிள்ளைகள் கொடுத்த பிளாஸ்டிக் முள்ளெலி,
கொடிக்கம்பில் இரட்டை முடிச்சுப் போட்டாள்.
பிறகு பூட்ஸ் காலால் பனியை ஒதுக்கி
பின்னாலிருந்து ஒரு தள்ளு.

திணறி, திரும்பி, நிமிர்ந்தது.
"நன்றி, இனிய மாலை" என்றது
பல் முளைக்காத குரலில்.
"உனக்கும்" என்றார் ஊர்மாஸ்.
இத்தனை வருடத்தில்
ஓட்டுநருக்குக்கூட அவர் பதில் சொல்லி
நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை, இருமல் மருந்துக்கு
என் கவுன்டருக்கு வந்தாள் விர்வே.
"அபராதம், நாற்பது யூரோ."
பாலத்தருகே நிறுத்தினானாம், சின்னப் பையன்,
போலீஸ் தொப்பி காதில் நின்றதாம்.
ஒளிவில்லை எங்கே?
கொடுத்துவிட்டேன்.
யாருக்கு?
ரோபோவுக்கு.
எந்த ரோபோ?
அடையாளம் சொன்னாளாம் இவள்:
முழங்கால் உயரம், ஆரஞ்சுக் கொடி.
அவனுக்கும் சிரிப்பு வந்திருக்கிறது,
ஆனால் படிவத்தில்
அதற்கென்று கட்டம் இல்லை.

லேலோ மேல்முறையீடு எழுதுகிறாள்,
இதுவரை பதினோரு பக்கம்.
கம்பெனிதான் கட்டவேண்டும் என்கிறார் ஊர்மாஸ்,
எந்தத் தலைப்பில் படித்தாரோ.
விர்வேயோ அன்றே கட்டிவிட்டாள்.
"பதினோரு பக்கம் படிக்கிற நேரத்தில்
நூறு கிலோ உருளைக்கிழங்கு உரிப்பேன்."

மருந்துப் பைக்குள்
விலைச்சீட்டில் ஏற்றாமல்
இரண்டு ஒளிவில்லைகளைப் போட்டேன்.
மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்.
அதற்கும் கட்டம் இருக்காது.

இப்போதெல்லாம் ஆரஞ்சுக் கொடி தெரிந்தால்
எட்டிப் பார்க்கிறேன்.
நேற்று இரவு கடை சாத்தும்போது
ஆளற்ற சாலையில், சிவப்புக்கு மதித்து,
ஒன்று நின்றுகொண்டிருந்தது.
கார் ஒன்று திரும்பியபோது
கம்பின் கீழே ஏதோ மின்னியது.
முள்ளெலியா, உறைந்த பனியா
என்று நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.